என் பக்கம், இவர் பக்கம், நடுவில் ஓட்டை

மார்ச் 4

இன்றும் விட்டுப்போனது. கருவியிலிருந்து கணினிக்கு அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் வரிசை எண் போடுகிறேன். அந்தப் பக்கம் 41120-க்கு அடுத்து 41902 போய்ச் சேருகிறது. நடுவில் இருந்ததெல்லாம் எங்கே? இருப்பதோ ஒரே ஒரு கேபிள், என் கை நீளம்கூட இல்லை. மெதுவாக அனுப்பினால் ஒன்றும் விடுவதில்லை. முழு வேகத்தில்தான் ஓட்டை விழுகிறது.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவி இது. மூச்சு நின்று சில நொடிகள் ஆனால் மணி அடிக்க வேண்டும். நடுவில் ஓட்டை விழுந்தால் அந்த நொடிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். நினைத்தாலே பகீரென்கிறது.

கருவியின் பக்கம் நான். கணினியின் பக்கம் இவர். ஒரே அலுவலகம், அடுத்தடுத்த அறை, வீட்டில் ஒரே சமையலறை. எங்கே போய்ச் சண்டை போடுவது?

மார்ச் 5

என் கருவியை என் சோதனைக் கணினியோடு இணைத்து ஓட்டினேன். சுத்தம். இவர் தன் புரோகிராமை ஒரு போலிக் கருவியோடு ஓட்டினார். அதுவும் சுத்தம். இரண்டையும் சேர்த்தால் ஓட்டை. "என் பக்கம் சரியாதான் இருக்கு," என்றார். நானும் அதையே சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

ராத்திரி சாப்பிடும்போது மாமியார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "எதையோ தொலைச்சுட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க. தேடினா கிடைக்காதா?"

கிடைக்காது அத்தை. வழியில் சிந்தியது சிந்தியதுதான்.

மார்ச் 7

கேபிளை மாற்றினோம். அதையும் மாற்றினோம். ம்ஹூம்.

மார்ச் 8

காலண்டர் கூப்பிட்டார். மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. தேதியைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் வராது. "பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில வைக்கணும். விட்டுப்போன இடத்துல முந்தின அளவையே போட்டு நிரப்பிடுங்களேன். கோடு அழகா வரும்."

"மூச்சு நின்ன குழந்தைக்கும் கோடு அழகா வரும் சார்," என்றேன்.

"அப்போ பதினாலாம் தேதிக்குள்ள யார் பக்கம் தப்புன்னு சொல்லுங்க. அந்தப் பக்கத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்."

போன வருடம் முழுவதும் இவருக்கு வேலை இல்லை. காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

மார்ச் 11

கண்டுபிடித்துவிட்டேன்.

இவர் சாப்பிடப் போயிருந்தார். ஏசி பழுதாகி அறை அமைதியாக இருந்ததால்தான் காதில் விழுந்தது. கணினிக்குள் டிஸ்க் கர்ரென்கிறது, உடனே திரையில் எண் தாவுகிறது. மறுபடி கர், மறுபடி தாவல். வந்ததை டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை இவர் புரோகிராம் புதிதாக வருவதை வாங்குவதில்லை. மெதுவாக வந்தால் காத்திருக்கும். இந்த வேகத்தில் நிரம்பி வழிந்துவிடுகிறது. ஆனால் இவர் சோதனையில் ஏன் தெரியவில்லை? புரோகிராமின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் நிறைந்துவிடும் என்று, சோதனை ஓட்டும்போதெல்லாம் சேமிப்பை அணைத்து வைத்திருக்கிறார்.

துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். திரையை அணைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 12

சொல்லவில்லை. என் பக்கம் வேகத்தைக் குறைத்துவிட்டால்? முடியாது. வார்டில் இருக்கிற எல்லாப் படுக்கைகளின் மூச்சும் இந்த ஒரு கம்பி வழியாகத்தான் வர வேண்டும். சொன்னா இவர் போயிடுவாரு. சொல்லலைன்னா? ஐயோ, என்னதான் பண்றது நான்—

மார்ச் 13

சமையலறையில் வைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"என் பக்கம்தான்னு நிரூபிச்சாச்சு. சந்தோஷமா?"

"சந்தோஷமா இருக்கிற மூஞ்சியா இது? நல்லா பாருங்க."

பார்க்கவில்லை. சாப்பிடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுதேன்.

மார்ச் 14

நான் போவதற்குள் இவரே காலண்டரிடம் சொல்லியிருக்கிறார். கூடவே சரியும் செய்திருக்கிறார்: வாங்குவது ஒரு வேலை, டிஸ்கில் எழுதுவது தனி வேலை, ஒன்றுக்காக இன்னொன்று நிற்காது. காலையிலிருந்து முழு வேகத்தில் ஓட்டினேன். ஒன்றுகூட விடவில்லை.

அப்படியும் காலண்டர் அசையவில்லை. "சொன்னா சொன்னதுதான்." இவரைப் பழுதுக்கு வரும் பழைய கருவிகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார். வேலை போகவில்லை, அந்த மட்டும் நல்லது. ஆனால் தான் சரி செய்த புரோகிராம் வார்டில் ஓடுவதை இவர் பார்க்க முடியாது.

"ஓட்டிப் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியில் சாமான்களை அடுக்கினார்.

மார்ச் 17

வீட்டிலும் என்னோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அத்தையிடம் கேட்கிறார்.

மார்ச் 18

வார்டில் வைத்தாயிற்று. என் உள்ளங்கை அகலம்கூட இல்லாத முதுகுகள். நான் திரையை விட்டு நகரவில்லை.

மார்ச் 20

மதியம் மூன்றாவது படுக்கைக்கு மணி அடித்தது. நர்ஸ் ஓடி வந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அசைவில்லை. மறுபடி சுண்டினார். மார்பு ஏறியது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

"இவ நல்லா இருக்கா, நீங்க முதல்ல உக்காருங்க," என்றார் நர்ஸ்.

பதிவைப் பார்த்தேன். ஒரு எண்கூட விடவில்லை. வராந்தாவுக்கு வந்து இவருக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். "மணி அடிச்சுது," என்று மட்டும் வந்தது.

எத்தனை விட்டது என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"குழந்தை அழுதுச்சா?"

"அழுதுச்சு. நல்லா கத்தி அழுதுச்சு."

போனில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அஞ்சு மணிக்கு வாசல்ல நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."