இடது பக்கக் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் கூப்பிட்டார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து ஸ்டேஷன் ரைட்டர் எட்டிப் பார்த்தார். "மேடம், உங்க ஆளு ஒருத்தர் வந்திருக்கார். நாங்க பேசறது அவருக்குப் புரியல, அவர் பேசறது எங்களுக்குப் புரியல."

உங்க ஆளு. இருபத்து நான்கு வருஷமாக, நான்கு ஸ்டேஷன்களிலும், எங்கள் பாஷை பேசிக்கொண்டு யார் படியேறினாலும் அவர் என் ஆள். இந்த ஊரில் எங்கள் சனம் நூற்றுக்கு நாலு பேர். காக்கிச் சட்டையில் அதுகூட இல்லை.

வந்தவர் தச்சர். நான் பார்த்ததே இல்லை. கருவிப் பெட்டியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "மத்ததெல்லாம் போகட்டும்மா, இழைப்புளி எங்கப்பாவோடது" என்றார். வாக்குமூலம் எழுதி, எங்கள் பாஷையில் திரும்பப் படித்துக் காட்டி, அவர் தலையாட்டின பிறகு கையெழுத்துப் போட்டேன். வலது பக்கம் விசாரணை அதிகாரிக்கு. இடது பக்கம் மொழிபெயர்ப்பாளருக்கு. நான் இடது பக்கம். அப்படிப் போட்டால் நான் அந்த வழக்கில் சாட்சி. சாட்சியே விசாரிக்கக் கூடாது. அதனால் கோப்பு பக்கத்து மேஜைக்குப் போனது.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. பசிக்கு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வருஷம்.

எனக்கென்று ஒரு ஸ்டேஷன் வேண்டும். எழுதிவிட்டேன். ஆசைதான், இதில் என்ன வெட்கம்?

மார்ச் 20, வியாழன்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: 'தலைமையேற்று விசாரித்த வழக்குகள்'. விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது.

பக்கத்து மேஜை சப்-இன்ஸ்பெக்டர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிறவன், அவனுக்கு நாற்பத்தொன்று. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

நான் இடது பக்கம் கையெழுத்துப் போட்டவற்றை எண்ணினேன். தச்சரோடு சேர்த்து முப்பத்தொன்று. முப்பத்தொன்றையும் ஆரம்பித்தது நான்தான். ராத்திரி என் வீட்டுக்காரர் பஸ் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "முப்பத்தொரு கேஸைத் தூக்கிக் கொடுத்திருக்கே. எனக்கு இன்னொரு காப்பின்னா மட்டும் மூஞ்சியைத் தூக்கிக்கறே." சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

யார் கட்டாயப்படுத்தினார்கள்? ஒருத்தரும் இல்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் இருக்கிறது. ஒரு போன் போட்டால் இரண்டு நாளில் ஆள் வரும். எனக்குத் தெரியாதா? தெரியும். பறிகொடுத்துட்டு நிக்கற மனுஷன்கிட்ட ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல, அவ்வளவுதான். இப்ப கோபம் கோபமா வருது — யார் மேலன்னுதான் தெரியல.

மார்ச் 22, சனி

மீசையோடு பேசவில்லை. பாவம், மூன்று தடவை என்ன என்று கேட்டான்.

மார்ச் 25, செவ்வாய்

தச்சரின் பெட்டியை மீசை கண்டுபிடித்துவிட்டான். இழைப்புளி உள்ளேயே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் மௌனமும் உடைந்துபோனது. ஒன்பது, முப்பத்தொன்று, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மீசையைத் தடவிக்கொண்டான். "நீ எழுதின வாக்குமூலம் ஒண்ணுகூட கோர்ட்ல உடைஞ்சதில்ல. பேரு எனக்கு வந்துச்சு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இப்ப சொல்லேன்."

"சொல்றேன்" என்றான். வாய் வார்த்தை என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேர்காணல். எதிரே மூன்று பேர். கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்ததெல்லாம் உள்ளே போனதும் காற்றில் போய்விட்டது.

நடுவில் இருந்த பெரிய அதிகாரி கேட்டார். "இருபத்து நாலு வருஷத்துல ஒன்பது கேஸ்தானாம்மா?"

"வலது பக்கம் கையெழுத்துப் போட்டது ஒன்பது சார். இடது பக்கம் முப்பத்தொண்ணு" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். அவர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மீசையின் கோழிக் கிறுக்கல் தூரத்திலேயே தெரிந்தது. "உங்க சக அதிகாரி, தன்னோட நாப்பத்தொண்ணுல பத்தொன்பது உங்களோடதுன்னு எழுதியிருக்கார். வழக்கு எண்ணெல்லாம் போட்டிருக்கார்." அவனுக்கும்தான் பதவி உயர்வு வர வேண்டும். கடன்காரன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உங்களுக்கு ஸ்டேஷன் கொடுத்தா அங்கயும் இப்படித்தான் இடது பக்கம் உக்காந்திருப்பீங்களா?"

"என் ஸ்டேஷன்ல இந்தக் காரணத்துக்காக யாரும் கேஸை இழக்க மாட்டாங்க சார்."

சரியான பதில்தானா? தெரியவில்லை. மனசு மட்டும் லேசாக இருக்கிறது.

மே 9, வெள்ளி

பட்டியலில் என் பெயர் இருக்கிறது. கடைசிக்கு முந்தின பெயர். இருந்தால் என்ன, இருக்கிறது.

இவர் பஸ்ஸில் ஏறினவர்கள் இறங்கினவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அம்மா போனில், "இனிமேலாவது சோத்தைச் சூடா சாப்பிடு" என்றாள். மீசைக்கு அடுத்த வருஷம் வாய்ப்பு இருக்கிறது. "நாப்பத்தொண்ணு இல்ல, இருபத்து ரெண்டு கேஸோட போறேன்" என்று சிரித்தான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 2, திங்கள்

பொறுப்பேற்றேன். சின்ன ஸ்டேஷன், ஒழுகுகிற குழாய், பதினெட்டுப் பேர். காலை அணிவகுப்பில் இத்தனை வருஷம் வரிசைக்குள் நின்றவள், இன்று வரிசைக்கு எதிரே.

ஜூன் 18, புதன்

மதியம் டப்பாவைத் திறந்தேன். வெளியே ரைட்டரின் குரல்: "சார், உங்க ஆளு ஒரு அம்மா வந்திருக்காங்க." எனக்கில்லை. எங்கள் சனத்தில் இன்னொருவர் இங்கே இருக்கிறார், சப்-இன்ஸ்பெக்டர். ஆறடிக்கு மேல் இருப்பதால் எல்லோருக்கும் நெட்டையன்.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற அம்மா. பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்களாம். நெட்டையன் பொறுமையாகக் கேட்டு எழுதி முடித்திருந்தார். பேனா இடது பக்க மூலைக்குப் போனது.

"நிறுத்துங்க. நீங்க வலது பக்கம் போடுங்க."

"மொழிபெயர்ப்பாளர் வேணுமே மேடம். கோர்ட்ல இருந்து ஆள் வர ரெண்டு நாள் ஆகும். அவங்க பாவம்."

"தெரியும். கொஞ்சம் தள்ளுங்க."

அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து எங்கள் பாஷையில் கேட்டேன், நெட்டையன் எழுதினதைத் திரும்பப் படித்துக் காட்டினேன். பையின் நிறத்தை மட்டும் அந்த அம்மா திருத்தச் சொன்னார். பிறகு இடது பக்கம் கையெழுத்துப் போட்டேன். முப்பத்திரண்டாவது. நெட்டையன் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேடம், நீங்க இன்ஸ்பெக்டர்."

"ஆமா. கேஸ் உங்களோடது. போய்த் தேடுங்க."

திரும்பி வந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. போனில் என் அம்மாவிடம் சொல்லக் கூடாது.