கண்ணைப் பறிக்கிற சிவப்பு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் மில்லிலிருந்து மூட்டை வந்து சேர்ந்தது. என் மெஸ்ஸில் கூட்டம் நிற்க இடமில்லை, உன் தூளுக்குத்தான் பாதிப் புகழ். மல்லித்தூளாலும் மஞ்சள்தூளாலும் வழக்கம்போல வீடே மணக்கிறது. ஆனால் மிளகாய்த்தூள் கண்ணைப் பறிக்கிற சிவப்பு, உறைப்புத்தான் இல்லை. தொட்ட விரல் சோப்புக்கும் வெளுக்கவில்லை. ஒரு சிட்டிகை தண்ணீரில் தூவினேன், சாயம் கோடு கோடாக இறங்கியது. மிளகாய் விற்றவன் உன்னை ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது. கொஞ்சம் பார். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

உன் சுண்டெலி

ஜனவரி 17

அடி சுண்டெலி,

உன் நாக்குக்குத் தப்பி எதுவும் போகாது! என்னை யாரும் ஏமாத்தலை. மிளகாய் விலை ஆகாயத்துல நிக்குது. கடைக்காரனுக்கு நிறம் இருந்தாப் போதும். சாயம் துளியூண்டுதான், எல்லா மில்லுலயும் நடக்கறதுதான். மகள் கல்யாணம் முடியட்டும், விட்டுடறேன். உன் பிள்ளைங்களுக்குத் தனியா சுத்தமா அரைச்சு அனுப்பறேன். மூட்டையில இருக்கறதை மெஸ்ஸுக்கு மட்டும் வெச்சுக்கோ.

அண்ணன்

ஜனவரி 24

அண்ணா,

'மெஸ்ஸுக்கு மட்டும்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? மாடியில் குடியிருக்கும் நர்ஸ் நிறைமாதக்காரி. மூன்று வேளையும் என் கைச் சோறுதான். மிளகாய்த்தூளைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டிவிட்டேன். அப்பா போன பிறகு எனக்கு அப்பாவாக இருந்தவன் நீ. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நிறுத்திவிடு.

சுண்டெலி

பிப்ரவரி 2

சுண்டெலி,

நிறுத்திட்டேன், போதுமா? உன் தலைமேல சத்தியம். இனிமே இதைப் பத்தி எழுதாதே. சம்பந்தி வீட்டுக் காதுல விழுந்தா மானம் போயிடும். கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்துடு. அத்தை வராம மேடை ஏற மாட்டேன்னு உன் மருமகள் அடம் பிடிக்கறா.

அண்ணன்

மார்ச் 6

அண்ணா,

போன வாரம் எங்கள் தெருக் கடையில் கைக்குழந்தையோடு ஒருத்தி உன் மில் மிளகாய்த்தூள் பாக்கெட் வாங்கினாள். உன் போன கடிதத்துக்குப் பிறகு அரைத்த தேதி. நானும் ஒன்று வாங்கி வந்து தண்ணீரில் தூவினேன். அதே சாயம். என் தலைமேல் செய்த சத்தியம் போனால் போகட்டும். அந்தக் குழந்தை கண்ணை விட்டுப் போகவில்லை.

பாக்கெட்டை உணவுப் பரிசோதனை ஆபீசில் கொடுத்தேன்.

"யார் மில்லு, தெரியுமா?" என்றார் அதிகாரி.

"என் கூடப்பிறந்த அண்ணன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவர்கள் மில்லுக்கு வந்து போயிருப்பார்கள். அதற்காகத்தான் தாமதித்துத் தபாலில் போடுகிறேன். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. நீயும் இனி கூப்பிட மாட்டாய்.

மருமகள் கேட்டால், அத்தைக்குக் கடும் காய்ச்சல் என்று சொல். அந்த ஒரு பொய்யை மட்டும் எனக்காகச் சொல்.

தங்கை