ஈரம் காய்வதற்குள் அடித்த நாற்காலி

பாசத்தையும் ஆத்திரத்தையும் சேர்த்தே வரவைக்கும் என் மாப்பிள்ளை முனியசாமிக்கு,

நீ போய் இன்றோடு இருபத்தொரு நாள். இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, இந்தப் பாடு உனக்குத் தெரியாததா? என் வலது கையில் இரண்டு விரல் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. உடைத்தது உன் பெண்டாட்டி செல்வி. என் கூடப்பிறந்த தங்கச்சி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் உன் வலது கையின் நான்கு விரல்களை வெட்டியவன் நான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மாரியூரில் ஒரே வள்ளத்தில் நின்று வலை இழுத்தவர்கள் நாம். நீ செல்வியைக் கேட்டபோது எங்கள் அய்யாவிடம் உனக்காக மல்லுக்கு நின்றதும் நான்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் உன் வீட்டுக்கு மீன் கொடுக்க வந்தால், அவள் கண் வீங்கி மூடிக் கிடக்கிறது, உதடு கிழிந்திருக்கிறது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். எந்தக் கதவடா முகத்தில் இரண்டு பக்கமும் இடிக்கும்?

வேலியில் செருகியிருந்த அரிவாளை உருவினேன். கழுத்துக்குத்தான் வீசினேன் மாப்பிள்ளை. நீ கையைக் குறுக்கே கொண்டுவந்துவிட்டாய். விரல்கள் வாசல் மணலில் விழுந்தன. போலீசில் நீ என்ன சொன்னாய்? "அருவா தவறிப் பட்டுருச்சு, மச்சான் மேல தப்பில்ல." நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பொய் என்னைக் காப்பாற்றச் சொன்னதா, செல்வியின் முகம் ஏன் வீங்கியது என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று சொன்னதா? உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை.

அதற்குப் பிறகு உன்னால் வலை இழுக்க முடியவில்லை. எவனோ வெளிநாட்டுக்காரன் பச்சை மரத்தில் நாற்காலி செய்வதைப் போனில் பார்த்துப் பார்த்தே நீ தொழில் பிடித்ததாகச் சொன்னார்கள். வெட்டிய பூவரசை ஈரம் காயுமுன் ஆப்பு வைத்துப் பிளப்பாயாம். மிச்சமிருந்த கட்டைவிரலோடு கத்திப் பிடியைத் துணியால் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்துச் சீவுவாயாம். காய்ந்த மரத்தோடு மல்லுக்கட்ட முழுக் கை வேண்டும், பச்சை மரம் ஒரு விரலுக்கும் இணங்கும்.

விரல் போனதும் முனியசாமிக்குப் புத்தி வந்துவிட்டது, பெண்டாட்டியைத் தொடுவதில்லை என்று ஊரே பேசியது. அதைக் கேட்டு ஒன்பது வருடமாக உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். செல்வி என் முகத்தில் விழிக்காததைக்கூட அதனால்தான் தாங்கினேன்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, அவளுக்கென்று ஆரம்பித்த நாற்காலி பாதியில் நின்றுவிட்டது. நீ துளை போட்டு வைத்த கால்கள் நான்கும் ஈரச்சாக்கில் இருந்தன. குறுக்குக் கட்டைகள் அடுப்புக்கு மேலே புகையில் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த கட்டையை ஈரத் துளைக்குள் அடித்து இறக்கினால், கால் காயக் காயத் துளை சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். கால் முந்திக் காய்ந்துவிட்டால் எல்லாம் விறகுதான். பதினாறு நாளும் அவள் சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பதினேழாம் நாள் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா வந்தாள். "ஏலே கருப்பா, செல்வி ஒன்னய வரச் சொன்னா. காலுல பூஞ்சை ஏறுதாம். ஒரு ஆளு பிடிச்சாத்தான் அடிக்க முடியுமாம்."

ஓடினேன். வா என்று அவள் சொல்லவில்லை. கொட்டாப்புளியை எடுக்கக் குனிந்தேன், தட்டிவிட்டாள்.

"காலப் பிடி. ஒங்கையில எதையும் குடுக்க மாட்டேன்."

பிடித்தேன். அந்த மரச்சுத்தியலை ஓங்கி அவளே அடித்தாள். முதல் கட்டை இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீ வெட்டுனதுக்கு அப்புறம் அவரு என்னய அடிக்கலன்னா நெனச்சுக்கிட்டிருக்க?"

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"எடது கையால அடிச்சாரு. ரெண்டு வருசம். பழகாத கையி, எங்கன விழும்னே தெரியாது. காதுல விழுந்துச்சு, வயித்துல விழுந்துச்சு. போ, ஒங்கண்ணன்கிட்டச் சொல்லுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? அதையும் வெட்டுவ. வேற என்ன தெரியும் ஒனக்கு? ஒன்னய யாரு கேட்டா?"

உண்மையைச் சொல்கிறேன் மாப்பிள்ளை. அந்த நிமிடம் உன்னைத் தோண்டி எடுத்து மறுபடி வெட்ட வேண்டும்போல இருந்தது. அன்றைக்கே அந்த இடது கையையும் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் மூஞ்சியில் அதைப் படித்துவிட்டாள்போல. கொட்டாப்புளி கட்டையின் மேல் விழவில்லை, என் கையில் விழுந்தது. தவறி ஒன்றும் விழவில்லை. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கையை எடுத்தால் கட்டை கோணலாக இறங்கிக் காலைப் பிளந்துவிடும். எடுக்கவில்லை. அடுத்த அடியைக் கட்டையின் மேல் அடித்தாள்.

"எப்ப நிறுத்துனாரு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"மரத்தப் பொளக்க ஆரம்பிச்ச பெறகு. மொத நாளு பொழுதடையிற வரைக்கும் ஆப்ப அடி அடின்னு அடிச்சாரு. அன்னைக்கு என்னயத் தொடல. மறுநாளும் தொடல."

மீதிக் கட்டைகளையும் இறக்கி முடித்தோம். என் ரத்தம் ஒரு காலில் பட்டிருந்தது. அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"சரி" என்றாள்.

உன்னால் என் தங்கச்சி பட்டதற்கு மன்னிப்புக் கிடையாது மாப்பிள்ளை. என்னால் பட்டதற்கும் கிடையாது. மற்றவர்கள் வாயால் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் திரிந்திருக்கிறோம். நடுவில் அவள் காது ஒன்று மந்தமாகியிருக்கிறது. அது ஏன் என்று நான் ஒரு தடவையாவது யோசித்தேனா?

இன்று காலையில் போனேன். வலைக்கயிற்றால் இருக்கை பின்னி, நாற்காலியை முற்றத்தில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சமும் ஆடவில்லை, நல்ல வேலைதான். வேலிப் படல் திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் வெளியிலேயே நின்று, "உள்ள வரவா செல்வி?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது என் ஆயுசுக்கும் இதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தினாள்.

"இன்னைக்கு வேணாம்."

திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கும் போய்க் கேட்பேன். வேண்டாம் என்றால் திரும்பி வருவேன். அவள் கேட்காமல் அவளுக்காக இந்தக் கையை எதன் மேலும் ஓங்க மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

செல்வியின் அண்ணன்,
உன் மச்சான் கருப்பையா