என் மகளின் கடவுச்சொல் என் மகளிடம் இல்லாதது குறித்து

அனுப்புநர்:
கா. பங்கஜவல்லி,
அங்கன்வாடி உதவியாளர்,
மாரியம்மன் கோயில் தெரு,
பூவம், காரைக்கால்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம், காரைக்கால்.

பொருள்: என் மகள் சிவப்ரியாவின் செவிலியர் படிப்பு விருப்பத்தை அவள் அறியாமல் நீக்கியது – இரண்டாம் சுற்றுக்கு முன் மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் கார்த்திகேசன் துபாயில் கட்டட வேலையில் இருக்கிறார். எங்கள் ஒரே மகள் சிவப்ரியா இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறினாள். செவிலியர் படிப்புதான் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லி வருபவள். அதை நானும் என் கணவரும் மனதார ஏற்றிருக்கிறோம்.

2. கல்லூரிச் சேர்க்கைக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், எங்கள் பகுதியில் தனியார் நடத்தும் இணையச் சேவை மையத்துக்குச் சென்றோம். அதை நடத்தும் முத்துக்குமரன் விவரங்களைக் கேட்டுக் கேட்டு அவரே தட்டச்சு செய்தார். புதுச்சேரியில் செவிலியர் படிப்பை முதல் விருப்பமாகப் பதிந்தார். கைப்பேசி எண் கேட்கும் இடத்தில் தம்முடைய எண்ணையே கொடுத்தார். கடவுச்சொல்லையும் அவரே வைத்தார். சிவப்ரியா அதைக் கேட்டதற்கு என்னைப் பார்த்து, "அதெல்லாம் நம்மகிட்டயே இருக்கட்டும்க்கா. உங்ககிட்ட குடுத்தா மறந்துட்டு வந்து நிப்பீங்க" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

3. முதல் சுற்று முடிவில் சிவப்ரியாவுக்கு உள்ளூர்க் கலைக் கல்லூரியில் வரலாறு ஒதுக்கப்பட்டிருந்தது. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற வகுப்புத் தோழி தீபாவுக்குச் செவிலியர் படிப்பு கிடைத்திருந்தது. கணினியில் ஏதோ தவறு என்றெண்ணிச் சேர்க்கை உதவி மையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் திரையைப் பார்த்துவிட்டு, கடைசி நாளுக்கு முன்னதாக விருப்பப் பட்டியலில் செவிலியர் படிப்பு நீக்கப்பட்டு வரலாறு சேர்க்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். நாங்கள் மாற்றவில்லை என்றேன். "உங்க பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ள போயிருக்கு. அப்ப மாத்துனது நீங்கதாம்மா" என்றார். அந்தக் கடவுச்சொல்லே எங்களுக்குத் தெரியாது என்றேன். "ஒரு பாஸ்வேர்டைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவங்க எதுக்கு அப்ளிகேஷன் போடுறீங்க?" என்று என் மகள் முன்னிலையில் கேட்டார்.

4. அங்கிருந்து நேராக முத்துக்குமரனிடம் சென்றோம். அவர் எதையும் மறைக்கவில்லை. "நீலகண்டன் அண்ணன் வந்து மாத்தச் சொன்னாரு. பெரியப்பாதானே, வீட்ல பேசி முடிவு பண்ணிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். யார் வந்தாலும் பெயருக்குப் பின்னால் 123 என்பதையே கடவுச்சொல்லாக வைப்பதாகவும், அப்படி வைத்தால்தான் தமக்கு மறக்காது என்றும் கூறினார். அப்போது விண்ணப்பிக்க வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

5. திரு. நீலகண்டன் என் கணவரின் அண்ணன். வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன். "ஆமா, நான்தான் மாத்தச் சொன்னேன். பொட்டப்புள்ளயப் புதுச்சேரியில கொண்டுபோய் விட்டுட்டு நீ இங்க என்ன பண்ணப் போற? தம்பி ஊர்ல இல்ல. நான்தானே எல்லாம் பாக்கணும்" என்றார். நான் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார். சிவப்ரியா அழவில்லை. "உங்க பட்டாவுல நான் ஒரு எழுத்தை மாத்துனா சும்மா இருப்பீங்களா பெரியப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். என் கணவர் தொலைபேசியில் பேசியும் அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர் எங்கள் உறவினர் என்பதால் இதை வீட்டு விவகாரம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். என் மகளின் பெயரில் அரசிடம் பொய் சொல்லப்பட்டிருக்கிறது.

6. எங்களுக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது என்று அலுவலர் சொன்னதற்கும் பதில் சொல்ல விரும்புகிறேன். என் பணிக்கான செயலியின் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள். அங்கன்வாடி மையத்தில் கடைசியாகச் சேர்ந்த குழந்தையின் பெயரையும், அது முதல் நாள் எதைக் கேட்டு அழுததோ அதையும் சேர்த்து வைப்பேன். இதுவரை மறந்ததில்லை. (இங்கே எழுதிவிட்டதால் இனி வேறு வழி பார்த்துக்கொள்வேன்.) என் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் வங்கி அட்டையின் இரகசிய எண்ணை, இல்லாத ஓர் அத்தையின் தொலைபேசி எண்ணுக்குள் ஒளித்துச் சேமித்திருக்கிறார். இன்னொருவர் தம் கணவருடைய படகின் பதிவெண்ணைத் தலைகீழாக வைத்திருக்கிறார். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் தமக்குத் தெரிந்த வகையில் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். கையில் கொடுக்காத ஒன்றை எப்படிக் காப்பது என்பதைத்தான் அந்த அலுவலர் விளக்க வேண்டும்.

7. ஆகவே, கடைசி நாள் முடிந்து பட்டியலை நாங்களே மாற்ற முடியாத நிலையில், சிவப்ரியாவின் முதல் விருப்பத்தை இரண்டாம் சுற்றுக்கு முன் மீண்டும் சேர்க்க உத்தரவிட வேண்டுகிறேன். விண்ணப்பிப்பவரே தம் கையால் கடவுச்சொல்லை இட வேண்டும், அவருடைய கைப்பேசி எண்ணையே பதிய வேண்டும் என்று எல்லாச் சேவை மையங்களுக்கும் ஆணையிட வேண்டும். திரு. நீலகண்டன், திரு. முத்துக்குமரன் இருவரையும் அழைத்து விசாரிக்க வேண்டும். மாற்றியது நாங்கள்தான் என்று உதவி மையத்தில் வாயால் சொன்னதை எழுத்தில் தர முடியுமா என்றும் கேட்டுச் சொல்ல வேண்டும்.

8. நேற்று நாங்கள் மீண்டும் உதவி மையத்துக்குச் சென்று, பதிவில் முத்துக்குமரனின் எண்ணை நீக்கி என் மகளின் கைப்பேசி எண்ணைச் சேர்த்தோம். புதிய கடவுச்சொல்லை இடும் முன் அவள் அலுவலரைத் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் திரும்பிக்கம்மா" என்றாள். திரும்பிக்கொண்டேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். அதை இட்டு அவள் அடுத்த முறை உள்ளே செல்லும்போது அவள் கேட்ட படிப்பு அங்கே இருக்க வேண்டும். அதற்குத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று உறுதியுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பூவம்
நாள்: 21.08.2025

இப்படிக்கு,
கா. பங்கஜவல்லி
(ஒப்பம்)