சாரலில் நனையாத அட்டை

அருமை மகளுக்கு,

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. அம்மா நலம். நானும் அப்படித்தான்.

"ஷாம்பு பாக்கெட்டை அருவியில் எறியாதீர்கள்" என்று அட்டை பிடித்துக்கொண்டு நம் கடை வாசலிலேயே நின்றாயே! ஷாம்பு விற்கிறவன் கடை வாசலில்! நான் கத்தியதும், நீ சாப்பிடாமல் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறியதும் இப்போது எதற்கு?

உனக்காக நான் ஒன்றும் செய்துவிடவில்லை. இந்த சீசனுக்கு ஷாம்பு பாக்கெட் வாங்கிப் போடவில்லை, அவ்வளவுதான். சீயக்காய்ப் பொடியை டப்பாவில் வைத்து, குளிக்க வருகிறவர்களின் உள்ளங்கையில் கரண்டியால் போடுகிறேன். முதல் நாள் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கடையை மூடவேண்டியதுதான் என்று பயந்தே போனேன். மறுநாள் எண்ணெய் மசாஜ் செய்யும் பிச்சையா அண்ணாச்சி, தன்னிடம் வந்தவர்களை எல்லாம், "அங்கன போய் கைய நீட்டுங்க, எண்ணெய்ப் பிசுக்கு போயிரும்" என்று அனுப்பிவைத்தார். இப்போது வழுக்கைத் தலைக்காரர்கள்கூட கை நீட்டுகிறார்கள். பக்கத்துக் கடை முத்துராஜ் வேறு, "அண்ணாச்சி, பொடி எங்கன வாங்குதிய?" என்று துளைக்கிறான்.

உன் அட்டையைக் கடை முகப்பில் தொங்கவிட்டிருக்கிறேன். சாரலில் எழுத்து அழியக்கூடாதென்று நல்ல பாலித்தீன் கவராகப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

"ஒங்க மவ பாத்தா சும்மா விடுவாளா?" என்று அம்மா சிரிக்கிறாள்.

அதற்குச் சண்டை போடவாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
இன்னும் முழுதாகத் திருந்தாத அப்பா