சத்தம் போடாத பம்ப்

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் வழக்கம்போல ஸ்பீக்கரில் போடுவாய், அம்மா பதறிப்போவாள். அதனால்தான் மெயில். அனுப்பியதும் மிஸ்டு கால் கொடுக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அப்பா சாப்பிட்டாரா?

மருத்துவக் கருவிப் பொறியியல் முதுகலையில் சம்பளத்தோடு பயிற்சி கிடைத்தது என்று குதித்தேனே, அந்தக் கம்பெனியில் மருந்து ஏற்றும் பம்புகளைச் சோதிக்கிறேன். குழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் அலற வேண்டும். நாள் முழுக்கக் கேட்டால் காது கிழிந்துவிடும். அதனால் எல்லோருமே பம்பின் முதுகில் அலாரம் வரும் ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வோம், அனுப்பும்முன் பிய்த்துவிடுவோம்.

போன வாரம் சில பம்புகள் பிய்க்காமலேயே போய்விட்டன. "திருப்பி வரவழைக்கணும் சார்" என்றேன். "படிக்க வந்தியா, எங்க பொழப்பக் கெடுக்க வந்தியா?" என்றார் மேலாளர்.

இன்று நீ அனுப்பிய போட்டோவில் அப்பாவின் தலைமாட்டில் நிற்பது எங்கள் பம்ப்.

உடனே அதன் முதுகைத் தடவிப் பார். பிளாஸ்திரி இருந்தால் பிய்த்துப் போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிடு. "புது மெஷின், சத்தமே போடாம சமத்தா இருக்குடி" என்று போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தாய்.

அந்தச் சமத்துதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

உன் வாலு