சாவியோடு நிற்கும் வண்டிகள்

பெரெசின், சஸ்காச்சுவான்
ஜனவரி 16, 1991

அன்புள்ள ஒல்கா பெரியம்மாவுக்கு,

லரிசா எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். போன் சமையலறைச் சுவரில், தாத்தா அறையை ஒட்டி இருக்கிறது. பேசினால் அவருக்குக் கேட்டுவிடும்.

இன்று பனித்தரையில் கல் தள்ளும் கர்லிங் பயிற்சி முடிந்ததும் தாத்தா என்னை அழைத்துப்போக வந்திருந்தார். வெளியே மைனஸ் முப்பது. குளிரில் இன்ஜின் உறைந்துவிடக் கூடாதென்று எல்லா வண்டியும் வழக்கம்போல சாவியோடு, இன்ஜின் ஓடியபடியே நின்றன. ஏறிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் எங்கள் நடுவில் ஒரு நாய் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன்.

"தாத்தா, இது மெல்னிக் மாமா வண்டி."

"ஏறும்போதே சொல்றதுக்கென்ன? நீதான் நாய் வளக்க ஆரம்பிச்சுட்டியோன்னு பாத்தேன்."

தாத்தாவின் வண்டியும் அவர் நண்பர் மெல்னிக் மாமாவின் வண்டியும் வெள்ளைதான். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ரயில் கடவையில் நிற்காமல் ஏறிவிட்டார். என் பக்க ஜன்னல் முழுக்க ரயிலின் விளக்கு. ஊதல் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. நாய் என் மடியில் ஏறி நடுங்கியது.

வீட்டு வாசலில், "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. சொன்னா என்னை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவா" என்றார். தலையாட்டிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமையும் அவர்தான் வருவார். ஏறவும் பயமாக இருக்கிறது. ஏறாவிட்டால் ரயில் வருகிறது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? அப்பாவோ வடக்கே சுரங்கத்தில் இருக்கிறார். நான் என்ன செய்ய?

உங்கள்
லரிசா


டொராண்டோ
ஜனவரி 21, 1991

என் செல்ல லரிசாவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இனி உன் தாத்தா ஓட்டும் வண்டியில் நீ ஏறக் கூடாது. பயிற்சி முடிந்ததும் கர்லிங் டீச்சரின் வண்டியில் வீட்டுக்குப் போ.

அடுத்தது உனக்குப் பிடிக்காது. இது கிடைத்த இரவே உன் அம்மா மார்த்தாவிடம் சொல்லிவிடு. உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தைச் சின்னப் பெண் தலையில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை, என் அப்பாவுக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை நான் உன் அம்மாவைக் கூப்பிடுவேன். அதற்குள் உன் வாயால் சொன்னால் உனக்கே பாரம் குறையும்.

அவளிடம் இதையும் சொல்: முதலில் கண் டாக்டர். அப்புறம் அவருடைய மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டட்டும். என் மாமியாருக்குத் தூக்க மாத்திரைதான் பாதித் தடுமாற்றத்துக்குக் காரணமாக இருந்தது. "ஓட்டாதே" என்பதை டாக்டர் சொல்லட்டும், மகள் சொல்ல வேண்டாம். டாக்டர்மேல் கோபித்துக்கொண்டு, வீட்டில் உங்களோடு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

தைரியமாக இரு.

அன்புடன்
பெரியம்மா


பெரெசின்
ஜனவரி 30, 1991

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. மாவு பிசைந்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டதில் என் தலையெல்லாம் மாவு. ஆனால் டாக்டர்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கே தாத்தாவின் சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள்.

காலையில் தாத்தா தேடவே இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பக்கத்து வீட்டு வண்டி சூடாகிக்கொண்டிருந்தது. ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தபால்காரர் வண்டி. இந்த ஊரில் ஒரு சாவியை ஒளித்து என்ன பயன்?

"யாரு வண்டின்னு கேட்டு எடுக்கக் கூடாதாப்பா?" என்று அம்மா கத்தினாள்.

"என் வண்டியை என்னைக் கேட்டா எடுத்த?"

என்னிடம் அவர் பேசுவதில்லை. நான் சமையலறைக்குள் வந்தால், "போலீஸ் வந்தாச்சு, எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க" என்கிறார். அம்மா செய்த பெரோகிக் கொழுக்கட்டையில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பாதி ராத்திரியில் அம்மா எழுந்து அவர் அறையில் இருக்கிறாரா என்று பார்க்கிறாள். அவள் விழித்திருப்பது எனக்குக் கேட்கிறது, ஏனென்றால் நானும் விழித்திருக்கிறேன்.

அவர் இனிமேல் என்னோடு பேசவே மாட்டாரா?

லரிசா


டொராண்டோ
பிப்ரவரி 5, 1991

என் செல்லப் போலீஸ்காரிக்கு,

தபால்காரர் வண்டியைப் படித்துச் சிரித்ததில் தேநீர் கொட்டிவிட்டது. பிறகு கொஞ்சம் அழுதேன். மார்த்தா அங்கே தூங்காமல் இருக்க, நான் இங்கிருந்து யோசனை சொல்கிறேன். மார்ச்சில் ஒரு வாரம் நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் தூங்கட்டும், விருப்பமிருந்தால் உன் அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அதற்கு முன்: அவர் வண்டியில் எங்கே போகிறார் என்று யோசி. காலையில் நண்பர்களோடு காபி, மாலையில் கர்லிங், அவ்வளவுதான். வண்டியை வாங்கிக்கொண்டால் அந்தக் காபியை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். யார் கூட்டிப்போவது என்று உன் அம்மாவை மெல்னிக்கிடம் பேசச் சொல். மார்த்தா ஊருக்குத் தெரியக் கூடாதென்று மூடி மூடி வைப்பாள், அவளை எனக்குத் தெரியும். மூடி வைத்தால் தனியாகத்தான் சுமக்க வேண்டும்.

நீ அவரிடம் மன்னிப்புக் கேட்காதே, நீ தப்புச் செய்யவில்லை. பக்கத்தில் மட்டும் போய் உட்கார்.

பெரியம்மா


பெரெசின்
பிப்ரவரி 21, 1991

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அம்மா மெல்னிக் மாமாவிடம் பேசினாள். அவர் காபிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நேற்று நான் டீச்சர் வண்டிக்காகக் காத்திருந்தபோது, தாத்தாவும் கர்லிங் அரங்கிலிருந்து வெளியே வந்தார். ஒரு வண்டியில்கூட இன்ஜின் ஓடவில்லை. எல்லாம் பூட்டிக்கிடந்தன. இந்த ஊரில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தாத்தா ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்துவிட்டு நடுவில் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எனக்காகவா பூட்டியிருக்கானுங்க?"

"ஆமா தாத்தா."

"இந்தக் குளிர்லயா? முட்டாப் பசங்க. ஒண்ணாவது கிளம்புமா இனிமே?"

அவர் சொன்னபடியே ஆனது. மெல்னிக் மாமா சாவியைத் திருப்பினால் வண்டி இருமியது, அவ்வளவுதான். டீச்சருடையதும் அப்படியே. தாத்தா என்னை உள்ளே அனுப்பி அம்மாவுக்குப் போன் செய்யச் சொன்னார். அம்மா மாவு டப்பாவிலிருந்து சாவியை எடுத்து, வீட்டில் மின்சார இணைப்பில் சூடாக நின்றிருந்த எங்கள் வண்டியைக் கொண்டுவந்தாள். நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டியால் கிளப்பும் பாட்டரிக் கம்பிகள் எப்போதும் அதில்தான் கிடக்கும். தாத்தா வரிசையாக ஒவ்வொரு வண்டிக்கும் மாட்டிக் கிளப்பினார். "நாளைக்குக் காபி உன் செலவு" என்று ஒருவரையும் விடாமல் சொன்னார்.

கடைசியில் சாவி அம்மா கையில்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை. மறுபக்கம் சுற்றிப்போய் ஏறினார். நான் நடுவில். கடவை வந்தது. ரயில் இல்லை, வெறும் இருட்டுதான். அம்மா வேகத்தைக் குறைத்தாள்.

"குறைச்சாப் போதாது, மார்த்தா. நிறுத்து. ரெண்டு பக்கமும் பாரு."

அம்மா நிறுத்தினாள். தாத்தா என் கையுறையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்கும் உசிரு போயிடுச்சு, கண்ணு" என்றார்.

கண் டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறோம். மாத்திரைப் பையை நான்தான் கட்டி வைத்தேன். இன்று காலை மெல்னிக் மாமா காபிக்குக் கூட்டிப்போனார். நாய்க்கு ஜன்னல் பக்கம்தான் வேண்டுமாம், அதனால் தாத்தா நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறார். இரவு பெரோகி சாப்பிட்டார். எனக்கு வைத்ததிலும் இரண்டை எடுத்துக்கொண்டார்.

இதை விளக்கைப் போட்டு, சமையலறை மேசையில் எழுதுகிறேன். யாருக்கு என்று தாத்தா கேட்டார், சொன்னேன். மார்ச்சில் வரும்போது உங்கள் வண்டிச் சாவியை எங்கேயாவது ஒளித்து வைக்கச் சொல்கிறார்.

உங்கள்
லரிசா